மூன்று ஜோடிகளும் ஒரே ஒரு படமும்

செங்கல்பட்டு,
24-8-2001

சிரஞ்சீவி ராகவனுக்கு, மாமா நரசிம்மன் மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. இங்கே நான் நலம். உன் அக்கா ஜெகதாம்பாள் நலம் என்று அடுத்த புதன்கிழமைக்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்; ஏன் என்பது போகப் போகத் தெரியும். அணுபுரத்தில் நீயும் வசந்தாவும் மகள் அனுவும் சுகமென்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் ஓய்வு பெறப்போவதாகவும், அதன்பின் அரசாங்க மருத்துவத் திட்டத்தில் யாருக்குத் தகுதி உண்டு, எப்படிச் சேர்வது என்று விவரமாக எழுதும்படியும் கேட்டிருந்தாய். இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவன் கிடையாது. இப்போதுதான் அடிபட்டு எழுந்திருக்கிறேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்: தகுதி வேறு, பதிவு வேறு. உதாரணமாக, என் வகுப்பில் ஒரு பையன் நான்கு மாதம் தவறாமல் வந்தான், வாய்ப்பாடு ஒப்பித்தான், என்னிடம் இரண்டு முறை குட்டும் வாங்கினான். மதியச் சாப்பாடு மட்டும் அவனுக்கு வரவில்லை. விசாரித்தால், அவனை யாரும் பள்ளியில் சேர்க்கவே இல்லை. அண்ணனோடு சும்மா வந்துகொண்டிருந்திருக்கிறான். பசி இருந்தது, தட்டு இருந்தது, பேர் இல்லை. நானும் அந்தப் பையனைப் போலத்தான் இருந்தேன். இத்தனை வருடம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தினேன், ஓய்வூதியம் வாங்குகிறேன், ஆகவே நானும் மனைவியும் தானாகவே திட்டத்தில் இருப்போம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஜூன் மாதம் உன் அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. பித்தப்பையில் கல், தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். திட்டத்தில் பேர் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் அவள் கையிலிருக்கும் வளையலைக் கழற்ற வேண்டும். அவள் கழற்றவும் தயாராக இருந்தாள், எனக்குத்தான் மனம் வரவில்லை.

கருவூலத்துக்கு ஓடிப்போய் விண்ணப்பம் வாங்கினேன். ஜூலை முடிவதற்குள் கொடுக்க வேண்டும், தவறினால் அடுத்த வருடம்தான் என்றார்கள். அதில் கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் புதுப் படம் ஒன்று ஒட்ட வேண்டும். அங்கேதான் ராகவா, சிக்கல். எங்கள் கல்யாணப் படம் எந்த மழையிலோ ஊறிப்போனது. ஓய்வூதியத்துக்கு எடுத்த படம் அந்தத் தாள்களோடு போய்விட்டது. கூடத்துச் சுவரில் நான் முப்பது படத்தில் இருக்கிறேன், எல்லாவற்றிலும் நடு நாற்காலியில், சுற்றிலும் பிள்ளைகள். உன் அக்கா ஒன்றில்கூட இல்லை. அந்த வாரம் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாங்கள் மூவரும், நானும் மோசஸும் ஜெயினுலாபுதீனும், மனைவிகளோடு மாமல்லபுரம் போவதாக இருந்தோம். அவர்களுக்கும் அதே விண்ணப்பத்துக்குப் படம் வேண்டியிருந்தது; அங்கேயே எடுத்துவிடலாம் என்றேன்.

மாமல்லபுரம் என்றதும் உனக்கும் நினைவு வரும். வருடா வருடம் பிள்ளைகளை அழைத்துப் போவேனே, நீயும் ஒருமுறை கூட வந்து கடலில் செருப்பை விட்டாய். உன் அக்கா இருட்டிலேயே எழுந்து எல்லாருக்கும் புளிச்சோறு கட்டிக் கொடுப்பாள். பஸ் முனை திரும்பும்வரை வாசலில் நிற்பாள். அர்ஜுனன் தபசுக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பொட்டலங்களைப் பிரித்தால் காற்றெல்லாம் பெருங்காய வாசனை வரும். சிற்பத்தைப் பார்க்க வந்தவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். இந்தத் தடவை பஸ்ஸைவிட்டு இறங்கிக் கடற்கரைக் கோயிலைப் பார்த்ததும் உன் அக்கா சொன்னாள்: "இத்தினி வருசம் எனக்கு பதிலா என் புளிச்சோறு வந்துட்டுப் போச்சு." நான் காதில் விழாதது போல முன்னால் நடந்தேன். கடல் சத்தம் அதிகமாக இருந்தது.

கடற்கரையில் படம் பிடிக்கும் சின்னையன் என்பவரைப் பிடித்தோம். "சார், ரீல்ல ஒண்ணே ஒண்ணுதான் கீது" என்றார். மூன்று ஜோடிக்கு ஒரு படம். எனக்கா வழி தெரியாது? எல்லாரையும் ஒன்றாக எடுப்போம், பிறகு ஜோடி ஜோடியாகக் கத்தரித்துக்கொள்வோம் என்றேன். டீக்கடையில் மூன்று நாற்காலி வாங்கி வந்து பெண்களை உட்காரவைத்தேன். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற சாராள் நடுவில், உன் அக்கா இடது பக்கம், பதருன்னிசா வலது பக்கம். ஆண்கள் பின்வரிசை, இடமிருந்து உயரப்படி: குட்டையான ஜெயினுலாபுதீன், அடுத்து நான், கடைசியில் நெட்டையான மோசஸ். "இன்னா சார், பத்தாங் கிளாஸா?" என்று சின்னையன் சிரித்தார். அசையக்கூடாது என்று அவரையும் சேர்த்து அதட்டினேன். இரண்டு நாளில் கழுவிக் கொடுத்தார், படம் அருமையாக வந்தது. ஆளுக்கொரு பிரதி வாங்கி, அவரவர் முகத்தைப் பார்த்துத் திருப்தியோடு பையில் வைத்துக்கொண்டோம்.

ஜூலை முப்பதாம் தேதி எல்லாருமாகக் கருவூலத்துக்குப் போனோம், அங்கே கத்தரிக்கோல் கேட்டேன். எழுத்தர் அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். "இது உங்க வீட்டம்மா. பின்னாடி நிக்கறவரு யாரு சார்?" "ஜெயினுலாபுதீன் சார்." "அப்ப அவரு பேர்ல சேத்துடட்டுமா?" நான் எப்படி மடித்துப் பார்த்தாலும் என்னோடு மோசஸின் மனைவி சாராள்தான் வந்தாள். மோசஸோடு ஜெயினுலாபுதீனின் மனைவி பதருன்னிசா. சாராள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரோட பட்டது பத்தாதுன்னு ரிடையரான அப்புறம் இன்னொரு வாத்தியாரா? எனக்கு வேணாம்பா, என் மோசஸையே குடுத்துடுங்க" என்றாள். ஜெயினுலாபுதீன், "நரசிம்மன், முப்பது வருசமா டைம்டேபிள் போட்டீரே, அதுலயும் இப்படித்தான் என்னைத் தூக்கி வேற கிளாஸ்ல போடுவீரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வலி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த படம் எனக்கு அப்போதுதான் கனத்தது.

மறுநாள் கடைசி நாள். காலையில் ரயிலடிக்குப் பக்கத்து ஸ்டுடியோ திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். "எழுந்திருங்க. நானும் நிக்கறேன், நீங்களும் நில்லுங்க" என்றாள் உன் அக்கா. நின்றேன். "சார், இன்னும் கிட்ட வா சார். நடுவுல இன்னொருத்தரு நிக்கலாம் போல கீது" என்றார் ஸ்டுடியோக்காரர். ஒட்டி நின்றேன். அவர் விளக்கைப் போட்டதும் என்னையறியாமல், "கடைசி வரிசை, யாரும் கண்ணை மூடக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். உன் அக்கா பக்கென்று சிரித்தாள். அந்த நொடியில்தான் படம் விழுந்தது. இன்னொன்று எடுக்க நேரமில்லை. மாலையில் எழுத்தர் அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார். "அம்மா சிரிக்கறாங்க, நீங்க மொறைக்கறீங்க. புருசன் பொண்டாட்டிதான், ஒட்டுங்க" என்றார். மோசஸும் ஜெயினுலாபுதீனும் அவரவர் மனைவியோடு எடுத்த படத்தைக் கொடுத்தார்கள்.

போன வாரம் அட்டை வந்துவிட்டது. புதன்கிழமை அறுவைச் சிகிச்சை. வளையல் கையிலேயே இருக்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதற்காகச் சுவரிலிருந்து மூன்று வகுப்புகளை இறக்கவேண்டியிருந்தது. ஆகவே ராகவா, ஓய்வு பெற்ற மறுநாளே உன் கருவூலத்துக்குப் போ, விண்ணப்பம் வாங்கு, வசந்தாவின் பேரைச் சேர், நாள் தவறாதே. வசந்தாவுக்கும் அனுவுக்கும் எங்கள் இருவரின் ஆசியும் அன்பும்.

இப்படிக்கு,
உன் மாமா நரசிம்மன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அவன் அணுமின் நிலையத்துல வேலை பண்றவன், மத்திய சர்க்கார். அவங்களுக்கு ஆபீஸ்லயே தனித் திட்டம் கீதே. நீங்க மாநில சர்க்கார் வாத்தியாரு. நீங்க எழுதினதுல ஒரு வரியாவது அவனுக்குப் பொருந்துமா?" என்று கேட்டாள். பொருந்தாது. கருவூலம், விண்ணப்பம், கடைசி நாள் எல்லாவற்றையும் மறந்துவிடு. உன் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள். கிழித்துப் போடலாம் என்றேன், படம் பற்றிய பகுதி இருக்கட்டும் என்கிறாள். புதன்கிழமை அக்காவைப் பார்க்க வரும்போது வசந்தாவையும் அழைத்து வா. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் அந்த ஸ்டுடியோ. நாற்காலியில் உட்காராதே.