ஹாஸ்டலில் பால் காய்ச்சிய விவரம்

அன்புள்ள மச்சான் அன்புசெல்வனுக்கு,

உன் அக்கா குணசுந்தரியைக் கட்டிக்கொண்ட சடையப்பன் திருவாலங்காட்டிலிருந்து எழுதுவது. இங்கு நான், உன் அக்கா, மாடுகள் எல்லோரும் சுகம். கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் உனக்கு ஷிப்ட் மாறியது முதல் நீ நேற்றுத் தின்ற குழம்பு வரை உன் அக்கா போனில் கேட்டு எனக்கு ஒப்பித்துவிடுவதால் உன் சுகத்தை நான் தனியாக விசாரிக்கவில்லை, குறையாக எண்ணாதே. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். உன்னோடு பேச வாயைத் திறந்தால் போனை அவள் பிடுங்கிக்கொள்கிறாள், இதுவோ அவள் காதுக்குப் போகக் கூடாத சங்கதி.

நம் ஈஸ்வரி விஷயம்தான். நீ பக்கத்தில் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தானே அவளை உங்கள் பக்கத்துக் காலேஜில் சேர்த்து, உன்னையே லோக்கல் கார்டியனாகப் போட்டேன். முதல் வருஷம் அவர்கள் காட்டிய அறையில் வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் வருஷம் வந்ததும், "அப்பா, இப்ப நாங்களே ரூம் செலக்ட் பண்ணிக்கலாம்பா" என்று போனில் ஒரே குதூகலம். பழைய பிளாக்கில் மூன்று பேர் அறை, அதை அடுத்து இருவருக்கு ஏ.சி. அறை, புதுப் பிளாக்கில் நாலு பிள்ளைகளுக்கு ஹால், சமையல் மேடை எல்லாம் வைத்த ஃப்ளாட். நான் நிதானமாக யோசித்துச் சொன்னேன். மூன்று பேர் கூடாது, மூன்று பங்காளிகள் இருந்ததால் நம் கிணறு என்ன கதிக்கு ஆளானது என்பது ஊருக்கே தெரியும். ஏ.சி. கூடாது, சளி பிடிக்கும். நாலாவதாக ஒரு வசதி உண்டு, திருவாலங்காட்டில் தனி அறை, வேளாவேளைக்குச் சோறு, வார்டன் உன் அம்மாவே என்றேன். "அதாம்பா பயமாகீது" என்று சொல்லிவிட்டு ஃப்ளாட்டைப் பிடித்துவிட்டாள்.

பிள்ளை குடிபோகும் இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஊரில் டிராக்டரும் வேனும் வைத்திருக்கும் எபினேசர் வேனைக் கொடுத்தார், போனோம். வாசல் எந்தத் திசை பார்க்கிறது, அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அதுவே எனக்கு வருத்தம், குறை சொல்ல ஏதாவது அகப்படும் என்று நம்பித்தான் போயிருந்தேன். கூட இருக்கப்போகிற ஷைனி, பிரின்சி, ஜெனிபர் என்ற மூன்று பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று உன் அக்கா சம்பந்தம் பேசும் முறையில் விசாரித்தாள். எல்லாம் காக்களூர், மணவாள நகர்ப் பக்கத்துப் பிள்ளைகள். "ஆன்ட்டி, நாங்க ரூம்மேட்தான்" என்று ஷைனி சொல்லிப் பார்த்தது. இதுவரை மரியாதையாகத்தான் நடந்தது.

பிறகு உன் அக்கா கட்டைப்பையைத் திறந்தாள். கேட்டிலேயே வாட்ச்மேன் ராபின் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா, கல்லு கணக்கா கனக்குது?" என்று கேட்டிருக்கிறான். "சாமான்பா" என்றிருக்கிறாள். உள்ளே இருந்தவை மூன்று செங்கல், ஒரு பித்தளைச் சொம்பு, கற்பூரம், சிராய், நம் மாட்டுப் பால். வாடகை வீடானாலும் பால் காய்ச்சாமல் நம் குடும்பத்தில் குடிபோனது உண்டா? சமையல் மேடையில் கரண்ட் அடுப்பு இருக்கிறதே என்று ஈஸ்வரி கெஞ்சினாள். "கரண்ட்டுல பொங்குனா அது பொங்குனதா? நெருப்புல பொங்கணும்டி" என்று ஹாலின் நடுவில் செங்கல்லைக் கூட்டினாள் உன் அக்கா. நான் தடுக்கவில்லை. உன் அக்காவை நான் தடுத்து எது நின்றிருக்கிறது, நீயே சொல். சிராய் ஈரம், புகை ஹாலை அடைத்தது, எங்கோ ஒரு மணி ஊளையிட ஆரம்பித்தது, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிளாக்கிலிருந்த அத்தனை பிள்ளைகளும் நைட்டியோடும் தலையில் ஷாம்பு நுரையோடும் மைதானத்துக்கு ஓடி வரிசையில் நின்றுவிட்டார்கள். உள்ளே உன் அக்கா மட்டும் முந்தானையால் சொம்பை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பொங்கிடுச்சுங்க, கெழக்கால பொங்கிடுச்சு" என்று அவள் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

வார்டன் கிறிஸ்டினா மேடம் வந்தார். "சார், இது ஹாஸ்டல் சார்" என்றார். "பிள்ள இருக்கப்போற ஊடுதானே மேடம்" என்றேன். உன் அக்கா ஒரு டம்ளர் பாலை அவர் கையில் கொடுத்தாள். அந்த அம்மாள் கோபத்திலேயே குடித்துவிட்டு ஃப்ளாட்டைப் பூட்டினார். சனிக்கிழமைக்குள் லோக்கல் கார்டியன் நேரில் வந்து இனி இப்படி நடக்காது என்று பொறுப்பேற்க வேண்டுமாம், வராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும், ஈஸ்வரி வீட்டிலிருந்துதான் வந்துபோக வேண்டும். அதுவரை மற்ற மூன்று பிள்ளைகளும் பழைய பிளாக்கில், ஈஸ்வரிக்குக் காய்ச்சல்காரப் பிள்ளைகள் படுக்கும் அறையில் ஒரு கட்டில். நாங்கள் வேனில் ஏறும்போது, "இனிமே என்னைப் பாக்க வராதீங்கப்பா" என்று சொன்னவள் அன்றைக்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. எனக்கு நெஞ்சு வலிக்கிறது மச்சான்.

ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். பால் பொங்கியது உன் அக்காவுக்கு நல்ல சகுனம் என்றால், மணி அடித்தது எனக்கு. அதனால் உன்னிடம் கேட்பது இதுதான்: சனிக்கிழமை நீ போகாதே. ஓவர்டைம் என்று சொல், பேதி என்று சொல். பிள்ளை வீட்டுக்கு வந்துவிடட்டும். அவள் அறையிலிருந்த உர மூட்டைகளைத் தூக்கி வெளியே போட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். போக்குவரத்தும் சுலபம், இங்கே ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜில் மாறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்க வேண்டியதுதான். உன் அக்கா இன்னமும் மூன்று பேருக்கு அரிசி போடுகிறாள், தினமும் மிஞ்சுகிறது. பால் காய்ச்சிய இடத்தைப் பூட்டிப்போடக் கூடாது என்று அவள் உன்னை விரட்டுவாள், காதில் வாங்காதே. பெற்ற பிள்ளை கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று நினைப்பது ஒரு குற்றமா?

உனக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் பெண் அமைந்து, அவளுக்கு உன் அக்காவின் குணம் கொஞ்சமும் இல்லாதிருக்க நம் ஊர் வடாரண்யேசுவரரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமா,
சடையப்பன்.

பின்குறிப்பு: மேலே இருப்பதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். சுலபம் என்று எழுதிவிட்டோமே, ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டே தபாலில் போடலாம் என்று, விதைநெல் வாங்கப் போவதாக உன் அக்காவிடம் சொல்லிவிட்டு விடியலில் கிளம்பினேன். முதல் ரயிலில் ஒற்றைக் காலில் நின்றேன். பேசின் பிரிட்ஜில் படி ஏறி இறங்குவதற்குள் அடுத்த ரயில் போய்விட்டது. அதற்கடுத்ததில் ஒருவன் மீன் கூடையை என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். ஷேர் ஆட்டோவில் காலேஜ் கேட்டில் இறங்கும்போது பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரி பார்த்துவிட்டாள். "இன்னாபா, மூஞ்சி இப்டி கீது? நடந்தா வந்த?" என்று கேட்டு மரத்தடியில் உட்காரவைத்து மெஸ்ஸிலிருந்து தட்டு வாங்கி வந்தாள். சாம்பார் சுமார்தான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் கிளாசுக்குப் போகாமல் துப்பட்டாவால் எனக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளைக்கே எனக்கு இந்தக் கதி, இதைத் தினம் செய் என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல எனக்கு எப்படி மனசு வந்தது?

சனிக்கிழமை வரை காத்திருக்காதே, நாளைக்கே வார்டனைப் பார். நானும் வந்து கைகட்டி நிற்கிறேன். இதைத் தபாலில் போடவில்லை, பூட்டியிருக்கும் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ ஷிப்ட் முடிந்து வரும்போது நான் தூங்கிப்போயிருந்தால் எழுப்பாமல் இதை முதலில் படி. அவள் ஊருக்கு வர வேண்டாம் மச்சான், அந்த ஃப்ளாட்டிலேயே நன்றாகத் தூங்கட்டும். நான் இன்றைக்கு உன் வீட்டில் படுத்துக்கொள்கிறேன், திரும்பி அந்த ரயிலில் ஏற என் உடம்பில் தெம்பில்லை.