வருங்கால ஆளுநரும் ஓரத்து வட்டமும்

அரசியல்வாதியைச் சிரிக்கவைக்க யாராலும் முடியும். நெளியவைக்கத் தனித்திறமை வேண்டும். எனக்கு அது இருக்கிறது. அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில் துணை ஆளுநர் தேர்தல் வரப்போகிறது என்று செய்தி வந்தால்கூட, வீட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பது அதனால்தான்.

அப்போது நியூ ஜெர்சியில் தேர்தல் நேரம். மீனாவும் நானும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்துவிட்டோம். அவள் அப்பா சண்முகம் அங்கிள் மட்டும் இன்னும் தலையாட்டவில்லை. "படிச்சிருக்கான், சரி. விவரம் இருக்கா?" என்பது அவர் கவலை. அந்தச் சமயத்தில் துணை ஆளுநர் வேட்பாளரான ஓர் அம்மையார், ஐசலின் ஊரில் உள்ள அங்கிள் வீட்டுத் தோட்டத்துக்கு வாக்குக் கேட்டு வருவதாக ஏற்பாடு.

"டெக்கரேஷன் நீங்க பாத்துக்கிறீங்களா தம்பி?"

என்னிடமா கேட்கிறார்! என் அப்பா திண்டுக்கல்லில் கட்சி பேனர் கட்டுபவர். எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், எந்த பேனர் எந்தத் தெருவுக்கு என்று வாசித்துச் சொல்வது என் உத்தியோகம். புது ஃப்ளெக்ஸின் மை வாசனை வந்தால் இப்போதும் எனக்குப் பசிக்கும். (கட்டி முடித்ததும் புரோட்டா வாங்கித் தருவார்.)

ஆகவே மரபு வழுவாமல் பேனர் அடித்தேன். அம்மையார் படம் ஆளுயரத்துக்கு. எங்கள் ஊரில் கவுன்சிலருக்கு நிற்பவரே 'வருங்கால முதல்வர்' அல்லவா? 'துணை' என்று போடுவது அவமரியாதை. 'வருங்கால ஆளுநரே வருக!' என்று இரண்டு மொழியிலும் போட்டேன். அவர் கட்சியின் ஆளுநர் வேட்பாளருக்கு மேல்மூலையில் சின்ன வட்டம். சுற்றிலும் ஒளி.

காரிலிருந்து அம்மையார் இறங்கினார். பின்னாலேயே, யாரும் எதிர்பாராமல், ஆளுநர் வேட்பாளரும் இறங்கினார். வட்டத்துக்குள் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வட்டத்துக்கு என்ன அர்த்தம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மறைந்த தலைவர்களுக்கான இடம், சார். ரொம்ப மரியாதை."

அம்மையார் அவசரமாக ரோஜாச் செடியை ஆராயத் தொடங்கினார்.

மீனா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஓ மை காட்! இங்க ரெண்டு பேரும் ஒரே ஜோடியா நிக்கிறாங்க. அவர் ஜெயிச்சு, நடுவுல செத்தாலோ ரிசைன் பண்ணாலோதான் இவங்க கவர்னர். அதையா பேனர் அடிச்சு வாழ்த்துவ?"

அவிழ்க்க ஓடினேன். அப்பாவிடம் கற்ற முடிச்சு, ஆடிக்காற்றுக்கே அசையாதது. கத்தரிக்கோல் தேடுவதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது. பேச்சு முடியும்வரை அங்கிளும் நானும் ஆளுக்கொரு முனையில் மேசைவிரிப்பைத் தூக்கிப் பிடித்து பேனரை மறைத்தபடி நின்றோம். கல்யாணம் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அங்கிள் முகத்தைத் திருப்பாமலே முணுமுணுத்தார்: "விவரம் சுத்தமா இல்ல."

"ஆமா அங்கிள்."

விரிப்பு குலுங்கியது. பார்த்தால், மனிதர் அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆனா முடிச்சு நல்லாப் போடுற. அந்த மூணு முடிச்சையும் இப்படியே போட்டுரு."

திருமண மண்டப வாசலில் அங்கிள் செலவில் ஒரு பேனர். மீனா ஆளுயரத்துக்கு: 'வருங்கால ஆளுநரே வருக!' மேல்மூலையில், ஒளி சூழ, நான். விமானம் ஏறி வந்திருந்த அப்பா அண்ணாந்து பார்த்துப் பதறிப்போனார்.

"ஏன்டா, உன்னய எதுக்குடா செத்தவக வட்டத்துல போட்டுருக்காக?"

"பயப்படாதீங்க சம்பந்தி," என்றார் அங்கிள். "எங்க வீட்ல அது துணை ஆளுநரோட எடம்."

இன்றுவரை பதவி உயர்வு இல்லை.