சிங்கம் வைத்த ஓட்டெடுப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் தலைக்கு மேல் இரண்டு மாடி ஏறி நின்றது. ஊரில் இருப்பவர்களையெல்லாம் மேலே தூக்கிவிடுகிற மனிதர். போன் விளையாட்டில் அவரைத் தூக்கிவிடத்தான் ஆளில்லை.

அது கோட்டை பிடிக்கிற ஆட்டம். முகம் தெரியாத இருபது பேர் கொண்ட அணிக்கு 'சிங்கம்' என்ற பெயரில் அவர்தான் தலைவர். "வடக்கு வாசலை அடிங்க" என்று கர்ஜிப்பார். எவன் முதலில் போகிறான் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் கோட்டை போய்விடும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் போனார்.

"நீயும் அணியில சேரு. நான் எது சொன்னாலும் முதல் ஆளா 'சரி தலைவரே'ன்னு போடு. ஒருத்தர் போட்டா மத்தவங்க பின்னாடியே வருவாங்க."

"எனக்கு ஆடத் தெரியாதே."

"தலையாட்டத் தெரியுமில்ல? போதும்."

'அணில்' என்று அவரே பெயர் வைத்தார். யாரும் பெரிதாக நினைத்துவிடக் கூடாதே.

கொஞ்ச நாள் அமோகம். அணில் சரி என்றது, அணியே சரி என்றது. ஆனால் மனைவிக்கு வேலை குடிநீர் அலுவலகத்தில், புகார்ப் பிரிவில். கொதித்துப்போய் போன் செய்கிறவர்களை நாளெல்லாம் ஆற்றி அனுப்புகிற வாய் சும்மா இருக்குமா? 'இடி' என்கிற ஆட்டக்காரரை "தூங்கறியா?" என்று சிங்கம் திட்டியது. "என்ன ஆச்சு இடி, உடம்பு சரியில்லையா?" என்று அணில் கேட்டது. இடிக்கு நிஜமாகவே காய்ச்சல். அதிலிருந்து சிங்கம் எந்த உத்தரவு போட்டாலும் அணியில் ஒரே பதில்: "அணில் என்ன சொல்றாங்க?"

மெக்கானிக் ஸ்பானரை மேஜைமேல் விட்டெறிந்தார்.

"ஜால்ரா தட்டத்தானே உன்னைச் சேர்த்தேன்? கச்சேரியே நீ பண்றே."

"அங்கே நான் பேசினா பதில் சொல்றாங்க. இங்கே நான் பேசினா 'ம்'தானே வருது?"

"ம்... அதை விடு. நீ யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லிடட்டுமாங்க? கை தட்டறதுக்குத் தலைவர் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்தாருன்னு?"

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உடனே அணியில் ஓட்டெடுப்பு அறிவித்தார். தலைவர் சிங்கமா, அணிலா?

"முதல் ஓட்டை நீ எனக்குப் போடறே" என்று மனைவியை மிரட்டினார். "மிச்சப் பேர் உன் பின்னாடி வருவாங்க."

"அதுக்கென்ன, போட்டுடறேன்."

எழுதி அனுப்பிவிட்டு அவரிடமே காட்டினாள். 'எனக்குப் பதவி வேண்டாம். என் ஓட்டு சிங்கத்துக்குத்தான். பாவம், அவர் மனசு உடைஞ்சிடும்.'

அணி உருகிவிட்டது. "இவங்கதான் தலைவர்" என்று இடி முதலில் எழுத, மற்றவர்கள் வரிசை கட்டி அவர் பின்னால் வந்தார்கள். சிங்கத்துக்கு விழுந்தது இரண்டே ஓட்டு. இரண்டும் ஒரே வீட்டு ஓட்டு.

"நான் இல்லாம எப்படிக் கிழிக்கறீங்கன்னு பார்க்கறேன்" என்று எழுதிவிட்டு அணியை விட்டு வெளியேறினார். அது போதாமல் வீட்டை விட்டும் வெளியேறி, கதவைப் படாரென்று சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். பல்லைக் கடித்தார். காலை ஆட்டினார். வடக்கு வாசல் என்ன ஆயிற்றோ? இருப்புக் கொள்ளவில்லை. 'புலி' என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு, அணியில் சேர அனுமதி கேட்டார்.

மறு நொடியே அனுமதி வந்தது. கூடவே, அத்தனை பேரும் படிக்கும்படி, தலைவரின் வரவேற்பு:

"வாங்க புலி. படியில கொசு கடிக்கும், உள்ளே வந்து ஆடுங்க."