விழுந்தால் முடியும் பாட்டு

ஒரு காட்டில், காடு என்றால் சிங்கம் உலாவுகிற பெரிய காடு இல்லை, கடலோரத்துச் சவுக்குத் தோப்புதான், அங்கே மனிதர்கள் கைவிட்டுப் போன இறால் பண்ணைத் தொட்டி ஒன்று வற்றிக் கிடந்தது. அந்தத் தொட்டிக்குள் மூன்று பேர் கலை வளர்த்தார்கள்.

தவளை அமலி பாடுவாள். சொந்தப் பாட்டு, சொந்த மெட்டு. மழைக்குக் கத்துகிற கோஷ்டியில் சேரச் சொல்லி எவ்வளவோ கூப்பிட்டும் போகாதவள். கீரி சூசை, கடல் ஒதுக்கிய உடைந்த அலைச்சறுக்குப் பலகைக்குப் பொம்மை லாரியின் சக்கரங்களை மாட்டி, தொட்டியின் சரிவில் ஏறி இறங்கி வளைத்து ஓட்டுவான். நண்டு தொம்மை ஓவியர். சூசை விழும்போது பலகை சுவரில் ஒரு கீறல் போடும் இல்லையா, அதையே நுரையாக வைத்து அவர் ஓர் அலை வரைந்துவிடுவார். சுவர் முழுக்க அலைகள். அத்தனையும் சூசை விழுந்த இடங்கள்.

தொட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சூசை பலகையில் ஏறினால் பாட்டு தொடங்கும், விழுந்தால் நிற்கும். நடுவில் அவனாக இறங்கக் கூடாது, பாடுகிறவளுக்கு அவமரியாதை. அவளாக நிறுத்தவும் கூடாது, ஓட்டுகிறவனுக்கு அவமரியாதை.

இதனால் அமலியின் எந்தப் பாட்டும் இரண்டாம் சரணத்தைத் தாண்டியதில்லை. ஒரு தடவையாவது தன் பாட்டை நாலு பேர் முழுசாகக் கேட்க வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தாள். கடைசிச் சரணத்தைக் கேட்டால் கொக்குகூட அழும் என்பாள்.

"அதைக் கேக்கத்தான் அக்கா நானும் விழாம இருக்கப் பாக்குறேன்," என்பான் சூசை, வாலைத் தடவிக்கொண்டே.

ஒரு நாள் நரியார் வந்தார். கழுத்தில் கைப்பேசி தொங்கியது. தன்னைக் கியூரேட்டர், அதாவது கலையைத் தேடிப்பிடித்துக் காட்சிக்கு வைக்கிறவர், என்று சொல்லிக்கொண்டார். சுவரைப் பார்த்துக் கண் கலங்கினார். இது யாருக்கும் கட்டுப்படாத கலை, ஆகவே இதைச் சில கட்டுப்பாடுகளோடு வளர்க்க வேண்டும் என்று நெடுநேரம் விளக்கினார்.

"சிஸ்டர், ஒரே ஒரு முழுப் பாட்டு குடுங்க. எல்லாக் காட்டு மொபைல்லயும் இனி உங்க குரல்தான்."

அன்று அமலிக்கு ஒரு கொசுகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

முழுப் பாட்டுக்கென்றே ஒரு விழாவுக்கு ஏற்பாடு நடந்தது. சூசை விழாமல் இருக்க, அவன் கால்களைப் பலகையோடு வாரால் கட்டினார்கள். சுவர்களில் தென்னை நார் மெத்தை மாட்டினார்கள். அலைகளெல்லாம் மெத்தைக்குப் பின்னால் போயின. இனி எங்கே வரைவது என்று தொம்மை கேட்டதற்கு, மறைந்திருக்கும் ஓவியம்தான் ஆழமானது என்று நரியார் தேற்றினார். ஒரு சுவரில் மட்டும் மெத்தை இல்லை. அங்கே நரியார் சிரிக்கிற பேனர் இருந்தது.

விழாவன்று காலையிலேயே கூட்டம். சூசை ஏறினான், அமலி தொடங்கினாள். முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. சூசை விழவில்லை. கடைசிச் சரணத்தில் கொக்கு நிஜமாகவே அழுதது. பாட்டு முடிய வேண்டிய இடமும் வந்தது.

அப்போதுதான் அமலிக்கு உறைத்தது. அவள் இதுவரை ஒரு பாட்டையும் முடித்ததே இல்லை. முடிப்பது எப்போதும் சூசையின் வேலை.

வேறு வழி தெரியாமல் மறுபடி பல்லவிக்குப் போனாள். கொக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது. அடுத்த சுற்றில் கொட்டாவி விட்டது. எழுந்து போனால் ரசனை கெட்டவர் என்பார்களோ என்று பயந்து ஒருவரும் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

பக்கத்தில் வந்தபோது சூசை கெஞ்சினான். "அக்கா, முடிங்க. தலை சுத்துது."

அமலி மெட்டு மாறாமலே பதில் சொன்னாள். "நீ விழுடா, நான் முடிக்கிறேன்."

"விழத்தான் பாக்குறேன். வாரு விடமாட்டேங்குதே."

இதுவும் பாட்டில் வருகிற வரிகள்தான் என்று கூட்டம் தலையாட்டியது.

பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்த கைப்பேசியில் சார்ஜ் சிவப்புக்கு இறங்கியது. சீக்கிரம், சீக்கிரம் என்று நரியார் கையைச் சுழற்றினார். அது அணைந்தால் முழுப் பாட்டும் போச்சு. அமலி சூசையைப் பார்த்தாள். அன்போடுதான் பார்த்தாள். அடுத்த சுற்றில் அவன் எதிரே வந்ததும் நாக்கை நீட்டி முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்தாள்.

சூசை பலகையோடு பறந்து, பேனரைக் கிழித்துக்கொண்டு, மெத்தையில்லாத சிமெண்டுச் சுவரில் நீளமாகத் தேய்ந்து விழுந்தான். நாக்கு வெளியே இருந்ததால் பாட்டும் பாதிச் சொல்லில் நின்றது.

தோப்பு மொத்தமாக எழுந்து கைதட்டியது. இப்படியொரு முடிவைக் கேட்டதே இல்லை என்று கொக்கு இரண்டாம் முறை அழுதது. தொம்மை வண்ணக் கிண்ணத்தோடு ஓடிவந்து, தன் வாழ்நாளின் மிகப் பெரிய அலையைத் தொடங்கினார். கீறலின் ஒரு பக்கத்தைச் சூசையின் தலை மறைத்தது.

"கொஞ்சம் நகருப்பா," என்றார்.

அந்த முடிவு தன்னுடைய யோசனை என்று நரியார் பக்கத்தில் இருந்த முயலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டு காடு காடாகப் பரவியது. இப்போது பாடுகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கீரி வைத்திருக்கிறார்கள். காலில் கட்டோடு படுத்திருந்த சூசையைப் பார்க்க அமலி போனாள். கடைசிச் சரணம் நிஜமாகவே நன்றாக இருந்தது என்று அவன் சொன்னான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சீக்கிரம் எழுந்துருடா," என்றாள். "அடுத்த பாட்டு சின்னதுதான்."

நீதி: சொந்தக் காலில் நிற்க விரும்பும் கலைஞர், விழுவதற்கு ஒரு நண்பரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.