டோக்கன்காரரும் மூடாத கோப்பும்

ஒரு காற்புள்ளியால் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் உற்பத்தி லைனையே நிறுத்தியவன் நான். இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

என்னைக் காப்பாற்றியவர் டோக்கன்காரர். கருவி அறை ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். பித்தளை டோக்கனை வைத்துவிட்டுக் கருவி வாங்க வேண்டும். கருவியைக் கொடுத்தால்தான் டோக்கன் திரும்பும். அவரிடம் ஸ்பேனர் வாங்கித் திருப்பித் தராமல் தப்பியவர் மூன்று மாநிலத்திலும் இல்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவார், மூன்றிலும் ஒரே வினைச்சொல்தான்: "குடுப்பா! கொடப்பா! இவ்வுரா!"

என் நிரல், சோதனை இயந்திரம் எழுதும் கோப்பைத் திறந்து, வரிவரியாகப் படித்து, மூட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் தகவல்களைப் பிரிப்பது காற்புள்ளிதான். மூடும் கட்டளையைக் கடைசி வரியில் வைத்திருந்தேன். அன்று ஏதோ ஒரு ஆபரேட்டர் குறிப்பில் காற்புள்ளி போட்டுவிட்டார். நிரல் குழம்பி, பாதியிலேயே 'எக்ஸப்ஷன்' என்ற பிழையை எறிந்துவிட்டு வெளியே பாய்ந்தது. கடைசி வரிக்குப் போகவேயில்லை. கோப்பு திறந்தபடியே அதன் பிடியில் கிடக்க, இயந்திரத்தால் மேற்கொண்டு எழுத முடியவில்லை. மறுபடி ஓட்டினாலும் அதே இடத்தில் அதே கதை.

"ஷிஃப்ட் மாறுறதுக்குள்ள லைன் ஓடணும் சார். இல்லேன்னா பெங்களூர் ஆளுங்களக் கூப்பிட்டுக்கறேன்" என்றார் மேனேஜர். அவர் 'சார்' போட்டால் வேலைக்கு ஆபத்து.

அந்த நேரம் பார்த்து ஒரு ஃபிட்டர் மயங்கி விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கினோம். டோக்கன்காரர் குறுக்கே பாய்ந்து, மயங்கியவர் சட்டைப்பையிலிருந்து மைக்ரோமீட்டரை உருவி, டோக்கனை உள்ளே போட்டார்.

"யோவ், மனுசன் மயங்கிக் கெடக்கறான்!"

"நடந்து போனாலும் தூக்கிட்டுப் போனாலும் எங்கிட்ட குடுத்துட்டுத்தான் போவணும்!"

பிறகு தன் பதிவேட்டாலேயே அவருக்கு விசிறினார். ஃபிட்டர் கண்ணைத் திறந்து, "அண்ணே, மைக்ரோ…" என்றார்.

"வாங்கிட்டேன். நீ படுப்பா."

எனக்குப் பளிச்சென்றது. ஓடி வந்து, கோப்பைத் திறக்கும்போதே நிரலுக்குள் நான் உருவாக்கிய ஒரு காவல் பொருளிடம் ஒப்படைத்தேன். நிரல் ஒழுங்காக முடிந்தாலும் சரி, பாதியில் பாய்ந்தாலும் சரி, அந்தக் காவல் பொருள் கோப்பை மூடிவிட்டுத்தான் மறையும். கெட்ட வரியை ஒதுக்கிவிட்டு மேலே படிக்க நிரலுக்குச் சொன்னேன். ஷிஃப்ட் மாற இருபது நிமிடம் இருக்கையில் லைன் ஓடியது. மேனேஜர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தக் காவல் பொருளுக்கு 'டோக்கன்காரர்' என்றே பெயர் வைத்தேன். இன்றும் எந்த ஊரில் நிரல் எழுதினாலும் முதலில் அவரைத்தான் உட்கார வைக்கிறேன்.

அன்று மாலையே ஜன்னலுக்குப் போய், "அண்ணே, கம்ப்யூட்டருக்குள்ளயும் இனி நீங்கதான்" என்றேன்.

பலகையில் தொங்கிய ஒரு டோக்கனைத் தட்டினார்.

"கம்ப்யூட்டர் கத்துக்கிச்சு, சந்தோசம். நாற்காலி முடுக்கணும்னு போன வாரம் வாங்கின ஆலன் கீ எங்க சார்?"