கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு புலமைப்பரிசில்

ஏழைக்கு எதையும் சும்மா கொடுத்தால் ஏழை கெட்டுப்போவான் என்கிற மாபெரும் உண்மையைச் சபரகமுவ மாகாணத்தில் முதன்முதலாகக் கண்டறிந்தவர் சுரேந்திரன் சேர் ஆவார். பணக்காரனுக்குச் சும்மா கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அவர் இன்னும் ஆராயவில்லை. நேரம் போதவில்லை.

பெல்மதுளைச் சந்தியில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் 'மாணிக்கச்சுடர் சர்வதேச கெம்பஸ்'ஸுக்கு அவர்தான் பணிப்பாளர். அது சர்வதேசமா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். வரவேற்பறைச் சுவரில் லண்டன், நியூயோர்க், பெல்மதுளை என்று எழுதி மூன்று கடிகாரங்கள் மாட்டியிருக்கிறார்கள். அவற்றில் லண்டன் மட்டும் ஓடுகிறது. விரிவுரை மண்டபத்துக்கு ஏசி உண்டு, ஏசிக் குளிர் வெளியே போய்விடாதபடி தடித்த கண்ணாடிக் கதவும் உண்டு. அந்தக் கதவுக்கு வெளியேதான் கலைச்செல்வி ஒரு வருடம் நின்றாள்.

கலைச்செல்வி றக்வான ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா மல்லிகா கொழுந்து பறிக்கிறாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், பொறுப்பாளர் வேலை காலியாக இருந்தது. முன்பள்ளி டிப்ளோமா வைத்திருப்பவருக்குத்தான் அந்த வேலை என்று சொல்லிவிட்டார்கள். கலைச்செல்விக்கு அது வேண்டும். கொழும்புக்குப் போய் கார்மெண்டில் தைத்து, போர்டிங்கில் பாய் விரித்துக் கிடக்க அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. கெம்பஸில் அந்த டிப்ளோமாவுக்கான கட்டணத்தில் பாதியை எப்படியோ தேற்றியாயிற்று. மற்றப் பாதிக்குத்தான் சேரிடம் போனாள்.

"நாங்க உதவி செய்யிறதில்ல. உதவி செஞ்சா சுயமரியாத போயிடும்" என்றார் சேர்.

"யாரோட சுயமரியாத சேர்?"

"ஒங்களோடதுதான்" என்றார் சேர் கனிவோடு.

அவள் சுயமரியாதையைக் காப்பாற்றுவதற்காகவே 'உழைத்துக் கற்போம்' என்னும் மகத்தான புலமைப்பரிசில் திட்டம் அன்று பிறந்தது. மாணவி பகுதிநேர வேலை செய்வாள், கெம்பஸ் பாதிக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும். அவளுக்குக் கிடைத்த பதவியின் பெயர் வருகைப் பரிபாலன உதவி உத்தியோகத்தர். வகுப்பு தொடங்குமுன் கதவடியில் நின்று எல்லோரிடமும் கையொப்பம் வாங்குவது, பிந்தி வருபவரைத் தடுப்பது, ஒப்பத்தைப் போட்டுவிட்டு நடுவில் நழுவப் பார்க்கிறவரைப் பிடிப்பது ஆகியவை அவள் கடமைகள். ஆகவே வகுப்பு முடியும்வரை கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். பகுதிநேரம் என்றால் எந்தப் பகுதி என்று கேட்கக் கூடாது. வகுப்பு நடக்கும் பகுதி உழைப்பதற்கு, மற்றப் பகுதி கற்பதற்கு. மற்றப் பகுதியில் கெம்பஸ் பூட்டியிருக்கும்.

முதல் நாளே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த வகுப்பில் அவளும் மாணவி ஆயிற்றே, தன் பெயருக்கு நேரே என்ன போடுவது? இந்தப் பாரதூரமான வினாவை ஆராய நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. குழுவில் சேரும் சேருடைய மனைவி ஷாமிளா மிஸ்ஸும் இருந்தார்கள். பிளேன்டீக்குப் பிறகு தீர்மானம் வெளிவந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பது பௌதிகவியலுக்கு முரணானது, எனவே உத்தியோகத்தர் வந்தவராகவும் மாணவி வராதவராகவும் கொள்ளப்படுவர். பௌதிகவியலை எதிர்த்துப் பேச கலைச்செல்விக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து, தன் இரண்டு காலிலும் நின்றபடி, தன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று மணிமணியான எழுத்தில் எழுதி வந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் விரிவுரையாளர் வாயசைப்பது தெரியும், சத்தம் வராது. உள்ளே இருந்த நுஸ்ஹாவுக்கு அது பொறுக்கவில்லை. நுஸ்ஹா பெல்மதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மகள், கலைச்செல்வியின் கூட்டாளி. வகுப்பு தொடங்கியதும் கலைச்செல்விக்கு ஒரு கோல் எடுத்து, ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவாள். வெளியே நிற்பவள் காதில் இயர்ஃபோன். இப்படிச் சில வாரம் கல்வி நடந்தது. ஒரு நாள் சேர் கண்டுவிட்டார்.

"என்ன கேக்குறீங்க?"

"லெக்சர் சேர்."

"டியூட்டி நேரத்துலயா?" சேரின் குரல் தழுதழுத்தது. "பாட்டுக் கேட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். கெம்பஸுக்குள்ள நின்னுக்கிட்டு லெக்சர் கேக்குறீங்களே."

அவள் மன்னிப்புக் கேட்டாள். இயர்ஃபோன் பறிமுதலானது. அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில், றக்வான பஸ் வரும்வரை, நுஸ்ஹா ரோல்ஸைக் கடித்துக்கொண்டே அன்றைய பாடத்தை முழுதாக ஒப்பிப்பாள். "எனக்கு வெளங்கினத நான் செல்றேன். வெளங்காதத நீ எனக்கு செல்லு" என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். விளங்காததுதான் கூடுதலாக இருந்தது. ஆகவே கடைசியில் கலைச்செல்விதான் பாடம் நடத்தினாள், நுஸ்ஹா ரோல்ஸ் தின்றாள். இரண்டு பேருக்கும் பாடம் ஏறியது.

பரீட்சை நெருங்கியது. கொழும்பிலிருந்து வந்து நடத்தும் பரீட்சை அது. பரீட்சைக் கட்டணத்தை வாங்குவதற்கு வருகை பார்க்கப்படாததால், பணம் கட்டிய எல்லோருக்கும் போல கலைச்செல்விக்கும் அனுமதி அட்டை கொழும்பிலிருந்து ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆனால் கெம்பஸுக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது: வருகை எண்பது வீதத்துக்குக் குறைந்தவர் மண்டபத்துக்குள் விடப்படார். பட்டியல் தயாரித்ததும் கலைச்செல்வி, சுவரில் ஒட்டியதும் கலைச்செல்வி, அதில் பூச்சிய வீதத்தோடு அடியில் கிடந்ததும் கலைச்செல்வி.

அதே வாரம் கெம்பஸின் வருட விழா. வருடம் முழுதும் ஒரு நாள்கூடத் தவறாமல் கடமைக்கு வந்த ஒரே ஊழியருக்கு, மாலை மரியாதையோடு, நூறு வீத வருகைக்கான கேடயம் வழங்கப்பட்டது. அதை வாங்கியவளும் அவள்தான். பட்டியலின் கீழும் கேடயத்தோடு வந்த சான்றிதழின் கீழும் ஒரே சுரேந்திரன் சேர் ஒரே பேனையால் கையொப்பமிட்டிருந்தார். பஸ்ஸில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கேடயம் பெரியது, முகத்தை மறைக்கப் போதுமாக இருந்தது.

தோட்டத்து வரிசைவீடான லயத்துக்கு வந்ததும் அம்மா கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னத்துக்குக் குடுத்தாங்க?"

"ஒரு நாளும் வராம இருந்ததில்லன்னு."

"அப்ப பரீட்ச?"

"ஒரு நாளும் வந்ததில்லன்னு விடமாட்டாங்களாம்."

தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களின் பேர் போடுகிற கங்காணி தன் பேரைத்தான் முதலில் போட்டுக்கொள்வார், பேர் போடுகிறவருக்கே பேர் இல்லாத அநியாயத்தை எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை என்று மல்லிகா பொருமினாள். பரீட்சை என்றைக்கு என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றாள் மகள்.

"அன்னைக்கு நான் வந்து அந்த சேர்கிட்ட கேக்கவா?" என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வியாழக்கெழம ஏலாதே. அன்னைக்கு மேமலை வாட்ச்சர் லீவு. வெறகு எடுக்கணும்."

மேமலைக் காட்டில் விறகு பொறுக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அதைக் காக்கத்தான் ஒரு வாட்ச்சர் இருக்கிறார். அவர் லீவு போடுகிற நாளில் லயத்தில் எல்லா அடுப்புக்கும் விறகு வந்து சேரும். சட்டம் அப்படியேதான் இருக்கும். கலைச்செல்வி கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாள் எடுத்தாள்.

மறுநாள் காலை சேரின் மேசையில் ஒரு லீவுக் கடிதம் இருந்தது. சொந்த அலுவல் காரணமாக வியாழக்கிழமை ஒரு நாள் லீவு வேண்டும் என்று மட்டும் அதில் இருந்தது. சேர் எதையும் வாசித்து நேரத்தை வீணாக்குபவர் அல்லர். அதில் அவருடைய கையொப்பம் கம்பீரமாக விழுந்தது.

வியாழக்கிழமை பரீட்சை மண்டப வாசலில் யாரும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த மேற்பார்வையாளர் அனுமதி அட்டைகளைப் பார்த்தார், உட்காரச் சொன்னார், ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்தினார். கலைச்செல்வி அந்த மண்டபத்தில் முதன்முதலாக உட்கார்ந்தாள். உள்ளே இவ்வளவு குளிராக இருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை. நுஸ்ஹா திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள்.

பணிப்பாளர்கள் வழக்கமாக வருகிற நேரத்துக்கு, அதாவது எல்லாம் தொடங்கிய பிறகு, சேர் வந்தார். கண்ணாடி வழியாக அவளைக் கண்டார். கதவைத் தட்டினார். மேற்பார்வையாளர் எழுந்து வந்து, பரீட்சை தொடங்கிவிட்டது, பிந்தி வருகிறவர்களுக்கு இடமில்லை என்று சைகை காட்டிவிட்டுப் போனார். சேர் நெடுநேரம் வெளியே நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"யாரக் கேட்டு உள்ள போனீங்க?"

"கேக்குறதுக்கு வாசல்ல யாரும் இல்ல சேர். தடுக்குறது என் வேல. நான் இன்னைக்கு லீவு."

இதை ஆராய நிர்வாகக் குழு மூன்று முறை கூடியது. ஒவ்வொரு முறையும் லீவுக் கடிதத்தில் சேரின் கையொப்பமே இருந்தது.

பெறுபேறு வந்தது. கலைச்செல்வி திறமைச் சித்தி. அந்த வருடம் கெம்பஸில் வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை. உடனே பெல்மதுளைச் சந்தியில் பெரிய பதாகை எழுந்தது. 'உழைத்துக் கற்போம் திட்டத்தின் வரலாற்றுச் சாதனை' என்ற வாசகத்துக்குக் கீழே சேரின் படம் பெரிதாகவும் கலைச்செல்வியின் படம் முத்திரை அளவிலும் இருந்தன.

சான்றிதழ் வாங்க அவள் போன அன்று சேர் பூரித்துப்போயிருந்தார். அடுத்த வருடத்துக்கான அறிவித்தலை அவளிடமே முதலில் காட்டினார். புலமைப்பரிசில் ஒன்று வழங்கப்படும், தகைமைகள் வறுமை, நல்ல கையெழுத்து, நெடுநேரம் நிற்கக்கூடிய கால்கள் என்று அதில் அச்சடித்திருந்தது.

"ஒங்க லயத்துல கஷ்டப்பட்ட பிள்ள யாராவது இருந்தா அனுப்புங்க" என்றார்.

கலைச்செல்வி முதலில் சான்றிதழை மடியாமல் பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஒங்களுக்குப் பிள்ள வேணுமா, வாட்ச்சர் வேணுமா சேர்? பிள்ளன்னா உள்ள உக்கார வைங்க. வாட்ச்சர்னா சம்பளம் குடுங்க. எங்க தோட்டத்துத் தொரகூட வாட்ச்சர்கிட்ட ஃபீஸ் வாங்குறதில்ல."