முஸ்தாக்கின் ஒரு பானை மக்கரோனி

கடல் பொங்கி ஆறு மாதம் கழித்து, கல்முனைக்குடி அகதிமுகாமில் இருந்த சுல்பிகா, தையல் நிலையத்துக்கு வேலைக்குப் போகப்போவதாகப் புருசனிடம் சொன்னாள்.

முஸ்தாக்குக்கு அது பிடிக்கவில்லை. அவன் மீன் வியாபாரி. தோணியும் ஐஸ் பெட்டிகளும் அலையோடு போனபின் பகல் முழுக்கக் கடற்கரையில் குந்தியிருந்துவிட்டு வருவான். தான் சும்மா இருக்க, பெண்சாதி உழைப்பதா? ஆனால் வேண்டாமென்று நேராகச் சொல்லவும் முகமில்லை.

"நீ போனா அந்திக்கு ஆரு சமைக்கிற?" என்று கேட்டான்.

"நீங்கதான்."

"எனக்குச் சுடுதண்ணி வைக்கவே தெரியா, புள்ள."

"இண்டைக்கு ஒருக்காச் சமைச்சுப் பாருங்க. வாயில வைக்க ஏலாட்டி நான் போகல்ல. அரிசி முடிஞ்சி. மக்கரோனி இரிக்கி."

முஸ்தாக்குக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. நிவாரணத்தில் வந்த அந்த மக்கரோனியை முகாமில் பாதிப்பேர் கோழிக்குத்தான் போட்டார்கள். சமைக்கத் தெரிந்தவர்களுக்கே பிடிபடாத சாமான். தன் கையில் அது உருப்படப் போவதில்லை.

அடுத்த கொட்டில் ஹாஜறா எட்டிப் பார்த்தாள். "முஸ்தாக் நானா, அத முதல்ல அவிச்சு வடிக்கணும். மறுகா ஆணம், கறி எல்லாம் வேறயாக் காய்ச்சணும்."

"எல்லாத்தையும் ஒண்டாப் போட்டா?"

"களியாப் போகும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் முஸ்தாக், மெதுவாக.

இருந்த ஒரே பானையை அடுப்பில் ஏற்றினான். மக்கரோனி, பருப்பு, தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தேங்காய்ப்பால், தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடிவிட்டு வாசலில் போய் இருந்தான்.

கொஞ்சநேரத்தில் மணம் வந்தது. நல்ல மணம். பதறிப்போய் மூடியைத் திறந்தான். தண்ணீரெல்லாம் வற்றி, மக்கரோனி பூவாய் வெந்து, பருப்பும் பாலும் அதில் திரண்டு ஒட்டியிருந்தன. களி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னும் ஒரு கை உப்பை அள்ளினான். போட்டால் காரியம் முடிந்தது.

"வெந்திட்டா? பசிக்கிது" என்றாள் சுல்பிகா வெளியிலிருந்து.

அவன் கை அப்படியே நின்றது. அவளுடைய தங்கச்சி அஸீஸாவைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. மீனைத் தொடமாட்டாள். சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிடுவாள். சாப்பிடு என்று அவன் கெஞ்சிப் பார்த்திருக்கிறான், ஏசியும் பார்த்திருக்கிறான்.

உப்பைத் திருப்பிப் போத்தலில் கொட்டினான்.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு இரண்டுபேரும் பாயில் இருந்தார்கள். சுல்பிகா ஒரு கோப்பை முடித்தாள். கேட்காமலே இன்னொன்று போட்டுக்கொண்டாள். முஸ்தாக் தன் கோப்பையை மறந்து அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். தோற்றதில் இவ்வளவு நிம்மதி இருக்குமென்று அவனுக்குத் தெரியாது. வேலைக்குப் போனால் நாலுபேருடன் கதைப்பாள், இப்படியே சாப்பிடுவாள். ஆம்பிளை என்றால் பெரிய மனது வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டான். "சரி புள்ள, நாளையிலிருந்து வேலைக்குப் போ. நான் உத்தரவு தாறன்."

சுல்பிகா விரலை நக்கியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போகத் தொடங்கி ஒரு கிழமையாகுது. அங்க தைக்கிற பொம்புளையள்தான் சொன்னாங்க, இத எல்லாத்தோடயும் ஒண்டாப் போட்டா எந்த ஆம்பிளையாலயும் பழுதாக்க ஏலாதாம்."